எல்லாப்பிரகடா சுப்பாராவ்

எல்லாப்பிரகடா சுப்பாராவ் (ஜனவரி 12, 1895 - ஆகஸ்ட் 8, 1948) இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய உயிர்வேதியியலாளர் ஆவார்.

வாழ்க்கை

இவர் அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றபோது கதராடை அணிந்து ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளானார். இதனால் எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக, அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. இவருடைய உடன்பிறந்தார் இருவர் ஸ்ப்ரூ எனப்படும் வெப்பமண்டலக் குடல்நோயால் இறந்தனர். 1923 இல் இவர் அமெரிக்கா சென்றார்.

ஆய்வுகள்

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்பவருடன் இணைந்து, தசைகளில் பாஸ்போகிரியேட்டின் இருப்பதைக் கண்டறிந்து 1927 இல் வெளியிட்டார். தசை இயங்கும்போது செலவாகும் ஆற்றலை இச்சேர்மம் உடனடியாக ஈடுசெய்கிறது. இதிலுள்ள கிரியேட்டினை உடல் கிளைசின், ஆர்ஜினின், மெத்தியோனின் ஆகிய அமினோ அமிலங்களிலிருந்து உருவாக்கிக்கொள்கிறது.

1940 இல் லெடர்லே ஆய்வகத்தில் சேர்ந்தார். இவரது வழிகாட்டலில் இயங்கிய குழு 1945 இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. குளூட்டாமிக் அமிலம் என்ற அமினோ அமிலத்தைத் தன் பகுதியாகக் கொண்ட இந்த உயிர்ச்சத்து, ஹோமோசிஸ்டைன் மெத்தியோனினாக மாறுவதற்கும் டி.என்.ஏ. உருவாவதற்கும் தேவையானது. இது குறைந்தால் இரத்தசோகை ஏற்படும். உடன்பிறந்தாரைப் பலிகொண்ட ஸ்ப்ரூ நோய்க்கும் இதுவே மருந்தாயிற்று.

சுப்பாராவ் 1948 இல் நியூயார்க்கில் காலமானார்.