இலாகா இல்லாத மந்திரி

சேலம் ஜில்லா இந்நாட்டிற்கு அளித்த பெரியோருள் தலையாயவர் சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார். அக்காலத்தில் அந்த ஜில்லாவைச் சேர்ந்திருந்த தொரப்பள்ளியில் 1878-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் பிறந்தார். 1900-ல் சேலத்தில் வக்கீல் தொழில் தொடங்கிப் பெரும்பொருள் ஈட்டினார். 1917 முதல் 1919 வரை அந்நகரசபையின் தலைவராகவும் விளங்கினார். பின்னர்க் காந்தியடிகளைப் பின்பற்றித் தொழிலைத் துறந்தார்.

1925-ல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் நிறுவினார். அது வானம் பார்த்த பூமி. மழை பொய்த்த காலத்துக் குடியானவப் பெண்டிர்க்கு இராட்டினமே கஞ்சி வார்த்தது. கதரும் தீண்டாமை ஒழிப்பும் மதுவிலக்கும் அங்கு நாடோறும் நடைபெற்ற பணிகள். 1937-ல் சென்னை மாகாணப் பிரதம மந்திரியானதும், அக்டோபர் முதல் நாளன்று, மதுவிலக்கைச் சேலம் ஜில்லாவிலேயே முதற்கண் நடைமுறைக்குக் கொணர்ந்தார். 1939-ல் பதவியினின்று விலகினார்.

1948 ஜூன் மாதத்தில் இந்தியாவின் கவர்னர் ஜெனரலானார். அப்பதவியை வகித்த இந்தியர் அவர் ஒருவரே. 1950 ஜனவரி 26-ல் குடியரசு தோன்றவே அப்பதவி மறைந்தது. நேரு அவரையே குடியரசுத் தலைவராக்க விரும்பினார். காங்கிரஸாருட் பலர் இராஜேந்திர பிரசாதரை விரும்பினமையின் அது கைகூடவில்லை.

அவ்வாண்டு ஜூலையில் நேருவின் அழைப்பிற்கிணங்கி இலாகா இல்லாத மந்திரியாக அமர்ந்தார். எவர் பெயரால் அரசாங்க ஆணைகள் பிறந்தனவோ அவரே மந்திரிகளுள் ஒருவராயினர்! இது நூதனமன்று, இங்கிலாந்தில் பிரதமராயிருந்த பால்பூர் பிரபுவும் பின்னர்ப் பிறர் தலைமையில் மந்திரியாயிருந்தார். ஆயினும் கைக்கொள்ளத் துறையின்றி, அறிவுரை ஒன்றையே அளித்திருப்பது எளிதோ? நேருவுக்கும் பட்டேலுக்கும் கருத்து வேற்றுமை மிகுந்திருந்த நாட்கள் அவை. இருவர்க்கும் நண்பரான அவர் நடுநின்றதே அப்பதவியின் உண்மையான வேலை எனலாம். டிசம்பர் 15-ல் பட்டேல் காலமாகவே, உள்நாட்டு இலாகா இவரிடம் வந்தது. 1951-ன் இறுதியில் விலகிச் சென்னை திரும்பினார்.

1952-ல் முதன் மந்திரியானார். தேர்தலில் நில்லாது, மேற்சபைக்கு நியமனம் பெற்று. இதனைக் குறை கூறியோர் கூற்றில் நியாயமுண்டு. உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியது அவரது துணிவிற்குச் சான்று. ஆனால் 1953-ல் தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கட்சியினரைக் கலவாமலே கொணர்ந்தார். பிள்ளைகள் அரைநாள் பள்ளியிலும் எஞ்சிய பொழுதில் குடும்பத் தொழிலிலும் பயில வேண்டுமென்ற அத்திட்டம் குலத்தொழிலைக் கட்டாயமாக்குவதென்று பெருங்கிளர்ச்சி எழுந்தது. டில்லியில் பிறர்க்கு ஆலோசனை கூறியிருந்தவர் இங்கே பிறரது ஆலோசனையைக் கேட்டிலர் என்பதே எம் கருத்து. 1954-ல் பதவி துறந்தார்; காமராசர் முதன் மந்திரியானார்.

1959-ல் சுதந்திராக் கட்சி கண்டு, ஒருகாலத்தில் தம்மை மந்திரி சபைக்கு அழைத்த நேருவையே எதிர்த்து நின்றார். 1972 டிசம்பர் 25-ல் சென்னையில் காலமானார்.