சப்பாத்துத் தைத்தவர் வளர்த்த நிதியமைச்சர்

மருத்துவத்திற்கு உறுப்புக்கள் நான்கு என்பது வள்ளுவர் கொள்கை. நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து துணைசெய்வோன் ஆகிய நான்கையும் மருந்து என்னும் அதிகாரத்திலே அவர் வகுத்திருக்கின்றார். பல ஆண்டுகளாக மாணவர்க்கு இவ்வதிகாரத்தைக் கற்பித்து வருகின்றேன். ஒருநாள் மாணவனொருவன் எழுந்து, இந்நான்குக்கும் வேண்டிய பணத்தைக் கொடுப்பவர் யார் என்று வினவினான். வகுப்பிலே சிரிப்பெழுந்தது. எனக்கோ சிரிப்பு வரவில்லை. முதியோர்க்கும் நோயாளர்க்கும் ஆகுஞ் செலவை எவர் பொறுப்பது என்னும் இத்தகைய வினாவன்றோ பிரித்தானியப் பாராளுமன்றத்தை ஈராண்டுக்கு மேலாக அலைக்கழித்தது! அவ்வினாவுக்கு விடைகாண முயன்ற டேவிட் லொயிட் ஜோர்ஜ் என்பாரின் வரலாற்றை அன்று மாணவர்க்குச் சொன்னேன். அதனையே ஈண்டுச் சுருக்கித் தருகின்றேன்.

அவர் 1863ஆம் ஆண்டு ஜனவரி 17ஆந் திகதி மான்செஸ்டர் நகரிலே பிறந்தார். தந்தையார் ஒரு பள்ளி ஆசிரியர். மறு ஆண்டிலேயே தந்தையார் நோயுற்றிறந்தார். கைக்குழந்தையோடு கலங்கிய தாயாரைத் தம்மூருக்கு அழைத்துச் சென்று ஆதரித்தவர் அவர் உடன்பிறந்த றிச்சட் லொயிட். வட வேல்சிலே, டுவிவோர் ஆற்றங்கரைச் சிற்றூரொன்றிற் சப்பாத்துத் தைத்துப் பிழைத்தவர் அவர். கூலி பெறாது சமயப் பிரசங்கமுஞ் செய்தவர். மருமகன் சட்டம் பயில வேண்டும், அதற்குப் பிரெஞ்சு மொழி வேண்டும் என்றறிந்ததும், தாமே அகராதியை வைத்துக்கொண்டு அம்மொழியைக் கற்று அவனுக்குஞ் சொல்லிக் கொடுத்தார். ஆசிரியத் தொழிலிலே தலை நரைத்த எனக்கு இச்செய்தியை நினைக்குந்தோறும் நாணமுண்டாகின்றது.

1884இல் லொயிட் ஜோர்ஜ் வழக்கறிஞரானார். 1890இலே, தமது 27ஆம் வயதில், கார்நாவன் தொகுதி இடைத்தேர்தலிற் 18 வாக்குகளால் வென்று லிபரல் கட்சி உறுப்பினராய்ப் பாராளுமன்றம் புகுந்தார். அத்தொகுதி ஏறக்குறைய 55 ஆண்டுகள் அவரைக் கைவிடவில்லை.

1908இல் அவர் நிதியமைச்சரானார். அவ்வாண்டிலே 70 வயதடைந்த வறியோர்க்கு வாரம் 5 சிலிங் வரை வழங்கும் முதியோர் உதவிச் சட்டம் நிறைவேறிற்று. ஜேர்மனியிலே தொழிலாளர்க்கு நடைபெற்ற நோய்க்காப்புறுதி முறையையும் அவர் நேரிற் சென்று கண்டுவந்தார். அதே வேளையில், ஜேர்மனியின் கடற்படை பெருகுவது கண்டு போர்க்கப்பல்களை விரைந்து கட்டுமாறு எதிர்க்கட்சியார் ஆரவாரித்தனர். முதியோர்க்கும் பணம் வேண்டும், கப்பலுக்கும் பணம் வேண்டும். திறைசேரியிலோ ஏறக்குறைய 1 கோடி 60 இலட்சம் பவுண் பற்றாக்குறை.

1909ஆம் ஆண்டு ஏப்பிரல் 29ஆந் திகதி அவர் தமது வரவுசெலவுத் திட்டத்தைச் சமர்ப்பித்தார். பெருவருவாய்க்கு மேல்வரி, இறந்தோர் சொத்துக்கு உயர்ந்த வரி, உடையவர் உழைப்பின்றி ஏறிய நில விலையில் ஐந்திலொரு பங்கு என்பன அதன் முதன்மைக் கூறுகள். கப்பலை வேண்டியவர் வரியை வேண்டாராயினர். எனினும் அவர் பக்கத்து நியாயத்தையும் மறைத்தலாகாது. நிலத்தை அளந்து விலைமதிப்பது பின்னர் நிலத்தையே பறித்தற்கு வழியாகும் என அஞ்சினர். இறக்குமதித் தீர்வையாற் பணந் திரட்டலாம் எனவும் நம்பினர். லொயிட் ஜோர்ஜ் மேடையேறிப் பிரபுக்களை எள்ளி நகையாடியது அவர்தம் சினத்தைப் பின்னும் மூட்டிற்று.

பொதுமக்கள் சபை 379க்கு 149 வாக்குகளால் திட்டத்தை ஏற்றது. பிரபுக்கள் சபை நவம்பர் 30ஆந் திகதி 350க்கு 75 வாக்குகளாற் புறந்தள்ளியது. நிதித் திட்டத்தை அச்சபை தள்ளுவதில்லை என்னும் நெடுங்கால வழக்கு அன்று முறிந்தது. 1910 ஜனவரியிலே பொதுத்தேர்தல் வந்தது. இரு பெருங் கட்சிகளும் ஏறக்குறையச் சமமான இடங்களைப் பெற்றன. அயர்லாந்து உறுப்பினரும் தொழிற்கட்சியினருமே தராசின் முள்ளாயினர். சமர்ப்பித்து ஓராண்டு நிறைந்த பின்னரே திட்டஞ் சட்டமாயிற்று.

ஆயினும் பிரபுக்களின் அதிகாரம் பற்றிய பூசல் தீரவில்லை. மே மாதத்தில் ஏழாம் எட்வேட் மன்னர் இறந்தார். இரு கட்சித் தலைவர்களும் கூடிப் பல மாதம் பேசினர். அப்பொழுது, மேடையிலே அனல் கக்கிய லொயிட் ஜோர்ஜே, இரு கட்சியுஞ் சேர்ந்து ஆட்சி நடத்திக் காப்புறுதி முதலியவற்றை ஒருங்கே நிறைவேற்றலாம் என மறைவாக ஓர் யோசனை வரைந்தார். அது பலிக்கவில்லை. டிசம்பரில் மீண்டுந் தேர்தல். மீண்டும் அதே சமநிலை. புதிய பிரபுக்களை ஆக்குதற்கு மன்னர் இசைந்துள்ளார் என்பது தெரிந்த பின்னரே, 1911 ஓகஸ்டில், 131க்கு 114 வாக்குகளாற் பிரபுக்கள் சபை தன் அதிகாரக் குறைப்பை ஏற்றது.

அவ்வாண்டிலேயே தேசிய காப்புறுதிச் சட்டமும் வந்தது. தொழிலாளி வாரம் 4 பென்ஸ், முதலாளி 3 பென்ஸ், அரசாங்கம் 2 பென்ஸ். நோயுற்ற ஆண் தொழிலாளிக்கு வைத்தியமும், முதல் 13 வாரங்களுக்கு வாரம் 10 சிலிங்கும் கிடைக்கும். வைத்தியர் சங்கம் எதிர்த்தது. வேலையாட்களின் அட்டையில் முத்திரை ஒட்டமாட்டோம் எனச் செல்வச் சீமாட்டிகள் கூட்டங்கூடினர். காப்புறுதிக் கம்பனிகள் முகஞ் சுளித்தன. இம்முறை அவர் போரை நாடவில்லை; பேரத்தை நாடினார். வைத்தியர்க்கு ஊதியத்தை உயர்த்தினார். கம்பனிகளின் பொருட்டு, விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் உதவும் பகுதியைக் கைவிட்டார். 1913 ஜனவரியில் வைத்திய உதவி தொடங்கிற்று. தொழிலாளியின் மனைவி மக்களுக்கு அவ்வைத்தியம் இல்லை. விதவைகளோ தம் உதவிச் சட்டத்துக்கு 1925 வரை காத்திருந்தனர்.

அப்பேரம் முறையானதா? தந்தையற்ற பிள்ளையாய், விதவையின் மடியிலே வளர்ந்தவரே விதவைகளை விட்டுக்கொடுத்தார் என்பது என் நெஞ்சை உறுத்துகின்றது. அவர்களை விடாது பற்றியிருந்தால், கோடிக்கு மேற்பட்ட தொழிலாளர்க்குக் கிடைத்ததும் கிடையாது போயிருக்கலாம் என்பதும் உண்மையே. பல முறை எண்ணியும் தீர்ப்புக் கூற இயலாதவனாகவே இருக்கின்றேன்.

1916 டிசம்பரில் அவர் பிரதமரானார். மருமகன் அப்பதவி எய்தியதைக் கண்ட பின்னரே, 1917இல், மாமனார் கண்மூடினார். அவர் வாழ்வின் குறைகளை மறைத்துச் சரிதம் எழுதுவது எனக்கு உடன்பாடன்று. அவரால் லிபரல் கட்சி பிளவுற்றது. பட்டங்கள் பணத்துக்கு விலைபோயின. அவர் ஆட்சியில் அயர்லாந்திற் கொடுமைகள் நிகழ்ந்தன. 1922இற் பதவியிழந்தவர் மீண்டும் அதனை எய்தவில்லை. 1936இலே ஹிட்லரைச் சந்தித்துப் புகழ்ந்தமை அவருக்கு நீங்காத வடு.

பிரபுக்களோடு பொருதவர் 1945இலே தாமே பிரபுவானார். ஆயினும் அச்சபையில் ஒருநாளேனும் அமர்ந்தாரில்லை. அவ்வாண்டு மார்ச் 26ஆந் திகதி, தாம் வளர்ந்த சிற்றூரிலேயே உயிர்நீத்து, டுவிவோர் ஆற்றங்கரையில் அடக்கம் பெற்றார். 1948 ஜூலையிலே, வேல்சில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியாயிருந்து அமைச்சரான அனைரின் பெவன், மனைவி மக்கள் உட்பட அனைவர்க்கும் இலவச வைத்தியத்தை அங்கே தொடக்கி வைத்தார்.

மாணவனுக்கு யான் சொன்ன விடை இதுவே: அந்நான்கு உறுப்புக்களுக்கும் வேண்டிய பணத்தைக் கொடுப்பவர் ஊரார் அனைவருமே, ஆனால் ஒவ்வொருவரும் எவ்வளவு கொடுப்பதென்பதில் ஊரார் ஒருமித்தற்குள் நோயாளி காத்திருக்கின்றான். அவன் அமர்ந்தான். இம்முறை வகுப்பில் எவருஞ் சிரிக்கவில்லை.