காப்பி அடிச்ச புரோகிராம் ஓடுது... ஏன் ஓடுது? பொத்தேரி மாணவர்களுக்கு ஜி.டி.நாயுடுவின் வாழ்க்கை சொல்லும் பாடம்!

பொத்தேரி ஸ்டேஷனில் இறங்கும் இன்ஜினீயரிங் மாணவர்களின் பையில், லேப்டாப் சார்ஜருக்குப் பக்கத்தில் ஒரு ஆர்டுயினோ போர்டையும் பார்க்கலாம். கூடவே ரிச்சி தெருவில் வாங்கிய சென்சார், குட்டி மோட்டார், கலர் கலரா ஒயர்கள். கை நீட்டினால் விரியும் பூ, ஆள் நடந்தால் நிறம் மாறும் சுவர் என கல்லூரி விழாக்களின் 'இன்டராக்டிவ் ஆர்ட்' இதில்தான் உருவாகுது.

ஆனா ஒரு சிக்கல். இணையத்தில் கிடைத்த புரோகிராமை அப்படியே ஏற்றினாலும் பூ விரியும். விழா அன்னைக்கு ஒரு ஒயர் கழன்றால், ஏன் நின்னுச்சுன்னே புரியாது. அப்படி முழிச்சவங்க அவசியம் தெரிஞ்சுக்க வேண்டிய வாழ்க்கை, கோவை ஜி.டி.நாயுடுவுடையது.

யார் இந்த ஜி.டி.நாயுடு?

1893 மார்ச் 23-ல் கோவை அருகே கலங்கல் கிராமத்தில் பிறந்தவர் கோபாலசாமி துரைசாமி நாயுடு. பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை, தொடக்க வகுப்புகளோடு படிப்பு நின்றது. ஒருநாள் பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் பைக்கைப் பார்த்தார். அதை வாங்கியே தீரணும் என்று கோவைக்கு வந்து, ஹோட்டலில் சர்வர் வேலை பார்த்துப் பணம் சேர்த்தார்.

பைக் கைக்கு வந்ததும் ஊர் சுற்றுவதோடு அவர் நிற்கவில்லை. பாகம் பாகமாகக் கழற்றினார். திரும்ப மாட்டினார். மெக்கானிக் ஆனது அப்படித்தான்.

பஸ் முதல் ரேசர் வரை

1920-ல் ஒரே ஒரு பஸ்ஸோடு பொள்ளாச்சி - பழனி வழித்தடத்தில் இறங்கினார். அது யுனைடெட் மோட்டார் சர்வீஸாக வளர்ந்து, இருநூறுக்கும் மேற்பட்ட பஸ்களை ஓட்டியது. 1937-ல் டி.பாலசுந்தரத்துடன் சேர்ந்து மின்சார மோட்டார் தயாரித்தார். இந்தியாவில் உருவான முதல் மின் மோட்டார் என்று அதைச் சொல்வார்கள்.

பேட்டரியில் ஓடும் 'ரசாண்ட்' ரேசர், மண்ணெண்ணெயில் சுற்றும் ஃபேன், பழச்சாறு பிழியும் கருவி, முறைகேடு செய்ய முடியாத வாக்குப்பதிவு மெஷின் என்று பட்டியல் நீளும். 1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தயாரிக்க முடியும் என்று அறிவித்தார்.

அவர் ஓவியரோ சிற்பியோ இல்லை. ஆனா அந்த வாக்குப்பதிவு மெஷினை யோசிச்சுப் பாருங்க. மனுஷன் ஒண்ணு செய்யணும், மெஷின் அதைச் சரியா உணர்ந்து பதில் தரணும். உங்க பூவுக்குப் பின்னாடி இருப்பதும் இதே கணக்குதான்: சென்சார் உணரும், சிப் முடிவெடுக்கும், மோட்டார் அசையும்.

அந்த முடிவெடுக்கும் சிப்தான் மைக்ரோகன்ட்ரோலர். ஆர்டுயினோ ஊனோ போர்டில் அதன் பெயர் ஏடிமெகா328பி. போர்டில் 14 டிஜிட்டல் பின்கள், 6 அனலாக் உள்ளீடுகள். எலக்ட்ரானிக்ஸ் தெரியாத டிசைன் மாணவர்களுக்காக 2005-ல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் பிறந்தது ஆர்டுயினோ.

நாயுடுவுக்கு இந்த வசதி வாய்க்கவில்லை. 1974 ஜனவரி 4-ல் அவர் மறைந்தார். முதல் மைக்ரோகன்ட்ரோலர் எனப்படும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஎம்எஸ்1000 விற்பனைக்கு வந்ததும் அதே 1974-ல்தான்.

பதவியை விட்டது ஏன்?

1945-ல் அவருடைய நன்கொடையில் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும் இன்ஜினீயரிங் கல்லூரியும் தொடங்கின. கல்லூரிக்கு அவரே முதல்வர். அந்தக் கல்லூரிதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி, ஜி.சி.டி.

படிப்புக்கு நான்கு ஆண்டு தேவையில்லை, கையால் செய்து கற்றால் இரண்டே ஆண்டு போதும் என்பது அவர் வாதம். அரசு ஏற்கவில்லை. தன் பணத்தில் எழுந்த கல்லூரியின் முதல்வர் பதவியை விட்டு விலகினார்.

இரண்டு ஆண்டு போதுமா என்பதில் இன்னைக்கும் கருத்து வேறுபாடு இருக்கலாம். நான்கு வருஷம் படிச்சும் ஒரு போர்டைப் பிரிச்சுப் பார்க்க நேரம் கிடைக்கலைன்னா, அவர் கேள்வி அப்படியே நிற்குது.

இப்ப என்ன செய்யலாம்?

முதலில் எல்.இ.டி-யை எரியவிடுங்க, கூடவே 220 ஓம் ரெசிஸ்டர் எதுக்குன்னு கேளுங்க. கரன்ட் அளவு மீறினால் எல்.இ.டி கருகிடும், அதைத் தடுப்பது அந்த ரெசிஸ்டர். அடுத்து, புரோகிராமில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு எண்ணை மட்டும் மாற்றி, என்ன மாறுதுன்னு பாருங்க.

விழா முடிஞ்சதும் அந்தப் பூவை அப்படியே பெட்டியில் போடாதீங்க. பவரை நிறுத்திட்டு ஒவ்வொரு ஒயரா கழற்றுங்க. மறுநாள் போட்டோ பார்க்காமல் மாட்டிப் பாருங்க. பூ மறுபடி விரிஞ்சா, அது உங்க பூ.