பராந்தகனும் குடவோலையும்

தஞ்சையைத் தலைநகராகக் கொண்டு விசயாலயன் நிறுவிய சோழ அரசு, மூன்றாம் தலைமுறையில் முதலாம் பராந்தகனிடம் வந்தது. ஆதித்த சோழனின் மகனான அவன் கி.பி. 907இல் அரியணை ஏறினான். காவிரிக் கழனிகளோடு, தந்தை பல்லவரிடமிருந்து வென்ற தொண்டை மண்டலமும் அவனுக்கு உரிமையாயிற்று. ஏறத்தாழ 48 ஆண்டுகள் நீண்ட அவனது ஆட்சியில் போரில்லாக் காலம் குறைவே.

பாண்டியன் இராசசிம்மனை வென்று 'மதுரைகொண்ட கோப்பரகேசரி' எனப் பெயர் பெற்றான். பாண்டியனுக்குத் துணையாக வந்த இலங்கைப் படையும் வெள்ளூர்ப் போரில் தோற்றது. தோற்ற பாண்டியன் தன் மணிமுடியை இலங்கையில் அடைக்கலமாக வைத்தான். அதை மீட்கப் பராந்தகன் அனுப்பிய படை வெறுங்கையோடு திரும்பியது. வாணரும் வைதும்பரும் அவனுக்குப் பணிந்தனர். தில்லைச் சிற்றம்பலத்துக்குப் பொன் வேய்ந்தவனும் அவனே. வீரநாராயணன் என்னும் அவன் பெயர் தாங்கிய பேரேரியே இன்றைய வீராணம்.

ஏரியை ஒருமுறை வெட்டிவிடலாம். ஆனால் கரையை உயர்த்துவதும் தூர் வாருவதும் ஆண்டுதோறும் செய்யவேண்டிய பணிகள். சோழர் காலத்தில் இப்பணி ஊர்ச்சபைகளின் பொறுப்பில் இருந்தது. பிரமதேய ஊர்களில் நீர், தோட்டம், பொன் ஆகியவற்றைச் சபையின் வாரியங்கள் கவனித்தன. பொதுப்பொருள் சிலர் கைவழியே செல்லும்போது, அந்தச் சிலரை யார், எப்படித் தேர்ந்தெடுப்பது என்னும் வினா எழாமல் இராது. அவ்வினாவுக்குத் தமிழகத்தில் கிடைத்துள்ள விரிவான விடை, பராந்தகன் ஆட்சியில் உத்திரமேரூரில் பொறிக்கப்பட்ட இரு கல்வெட்டுகளில் உள்ளது.

முதல் கல்வெட்டு அவனது 12ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது கி.பி. 919. அரசாணையுடன் வந்த அதிகாரி உடனிருக்கச் சபையார் வாரியத் தேர்வுக்கு விதி வகுத்தனர். இரண்டே ஆண்டுகளில், கி.பி. 921இல், சபை மீண்டும் கூடியது. இம்முறை வந்தவர் சோழநாட்டுப் புறங்கரம்பை நாட்டைச் சேர்ந்த சோமாசிப் பெருமான். தீயோர் ஒழிந்து நல்லோர் தழைக்க வேண்டும் என்பதே புதிய விதிகளின் நோக்கமாகக் கூறப்படுகிறது. முதல் விதியில் இடைவெளிகள் இருந்தன போலும். இல்லையேல் இவ்வளவு விரைவில் அதைத் திருத்தியிருக்கமாட்டார்கள்.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. இறை செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் உடையவராகவும், சொந்த மனையில் வீடு கட்டி வாழ்பவராகவும், மறையறிவு உடையவராகவும் இருப்போரின் பெயர்களே ஓலையில் எழுதப்பட்டன. முன்பு 30க்கு மேல் 60க்குள் என்றிருந்த வயது வரம்பு, 35க்கு மேல் 70க்குள் என மாற்றப்பட்டது. கடந்த மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவருக்கு இடமில்லை. வாரியம் செய்து கணக்குக் காட்டாது போனவருக்கு இடமில்லை என்பதோடு விதி நிற்கவில்லை. அவருடைய தந்தை, மகன், மாமனார், மருமகன், மைத்துனன், அத்தை மக்கள் என உறவு முழுவதையும் அது விலக்கியது. ஊரார் உறவுமுறைகளை நன்கறிந்தவர்கள் எழுதிய விதி இது!

ஓலை எடுக்கும் முறையில்தான் அவர்களின் முழு எச்சரிக்கையும் வெளிப்படுகிறது. இளைஞர் முதல் முதியவர் வரை சபையார் அனைவரும் கூடவேண்டும். அன்று ஊரிலுள்ள கோயில் நம்பிமார் ஒருவர் விடாமல் மண்டபத்தில் அமரவேண்டும். அவர்களுள் மூத்தவர் எழுந்து, எல்லாரும் காணக் குடத்தைத் தூக்கி நிற்பார். பட்டப்பகலில், உள்ளிருப்பதை அறியாத சிறுவன் ஒருவன் அதிலிருந்து ஒரு குடும்பின் ஓலைக்கட்டை எடுப்பான். அக்கட்டின் ஓலைகளை வேறொரு குடத்திலிட்டுக் குலுக்குவர். சிறுவன் அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தனிடம் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் அதை ஏற்கவேண்டும். கைக்குள் வேறோர் ஓலை ஒளிந்திருக்க வழியில்லை. அவர் உரக்கப் படித்தபின், நம்பிமார் அனைவரும் அதே ஓலையை வாசிப்பர். அதன் பிறகே பெயர் ஏற்கப்படும். இப்படி 30 குடும்புகளுக்கும் 30 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 12 பேர் சம்வத்சர வாரியத்துக்கும், 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், 6 பேர் ஏரி வாரியத்துக்கும் உரியவர்கள். பதவிக்காலம் 360 நாள். குற்றம் காணப்பட்டவர் அப்போதே நீக்கப்படுவார்.

குடத்திலிருந்து ஓலை எடுக்கும் வழக்கம் தமிழருக்குப் புதிதன்று. கட்டிய குடத்தின் மேலுள்ள முத்திரையைச் சரிபார்த்து உடைத்து ஓலை எடுப்போரை அகநானூற்றுப் பாடல் ஒன்று உவமையாகக் காட்டுகிறது. பாண்டிய நாட்டு மானூர்ச் சபையும் உறுப்பினருக்கான தகுதிகளை முன்பே வகுத்திருந்தது. உத்திரமேரூர் தந்தது நடைமுறையின் நுணுக்கம். எனினும் இது இன்றைய வாக்குரிமை ஆகாது. இங்கே வாக்குகள் எண்ணப்படவில்லை. தகுதியுடையோருள் ஒருவரைக் குலுக்கலே முடிவு செய்தது. பெண்களின் பெயரும், அவ்வேரி நீரில் உழுது பயிரிட்ட நிலமற்றோரின் பெயரும் குடத்தை எட்டவில்லை.

இவ்விதிகளை வகுத்தவர்கள் சபையாரே. அரசனின் பங்கு ஆணையும் அதிகாரியின் இருப்புமே. ஆயினும், போர்க்களங்களுக்கு நடுவே ஓர் ஊரின் வாரியத் தேர்வுக்கு இருமுறை ஆளனுப்பியதைப் பராந்தகனின் வெற்றிகளோடு சேர்த்தே எண்ணவேண்டும்.

அவனது இறுதிக்காலம் துயரமானது. கி.பி. 949இல் தக்கோலத்தில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனின் படையை எதிர்த்த மூத்த மகன் இராசாதித்தன், யானைமீதிருந்தபடியே கங்க மன்னன் பூதுகனால் கொல்லப்பட்டான். உத்திரமேரூர் அடங்கிய தொண்டை மண்டலம் சோழர் கையைவிட்டு நழுவியது. கி.பி. 955ஐ ஒட்டிப் பராந்தகன் மறைந்தான். தஞ்சை அரியணைக்குக் குடமும் ஓலையும் இல்லை. பிறப்புரிமைப்படி இரண்டாம் மகன் கண்டராதித்தன் முடிசூடினான். இழந்த வடபகுதியைச் சோழர் மீட்கத் தொடங்கியது பேரன் சுந்தர சோழன் காலத்தில்தான்.