சாப்பிட்டது உடம்புல ஒட்டணுமே: டாக்டர் சுப்பாராவ்

அசிடிட்டி மாத்திரை இல்லாத ஹாஸ்டல் ரூம் உண்டா? சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் எந்த மெடிக்கல் ஷாப்பிலும் கேட்டதுமே கிடைக்கும். வயிற்று அமிலம்னாலே நமக்கு வில்லன்தான். அதே கடையில் கர்ப்பிணிகள் வாங்கும் இரும்புச்சத்து மாத்திரையில் ஃபோலிக் ஆசிடும் இருக்கும். அதைச் செயற்கையாகத் தயாரித்த குழுவின் தலைவர், நம்ம சென்னையில் டாக்டருக்குப் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ்.

1895-ல் பீமவரத்தில் பிறந்தவர். அண்ணனையும் தம்பியையும் சில நாள் இடைவெளியில் பறிகொடுத்தார். காரணம் ஸ்ப்ரூ என்ற நோய். அது வந்தால் என்ன சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. குடல் சத்தை உறிஞ்சாது. அவருக்கும் அதே நோய் வந்து, ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையில் பிழைத்தார். மதராஸ் மெடிக்கல் காலேஜில் கதர் உடுத்தியதால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ்.-க்குப் பதில் எல்.எம்.எஸ்.தான் கிடைத்தது. (இன்டர்னல் மார்க் பிரச்சினை அப்பவே இருந்திருக்கு!)

அமெரிக்கா போய், பாஸ்டனில் ஆஸ்பத்திரி நைட் டியூட்டி பார்த்துக்கொண்டே ஆராய்ச்சி செய்தார். 1925-ல் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து ரத்தத்தில் உள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அப்புறம் கவனம் கல்லீரல் சாறு பக்கம் திரும்பியது. பெர்னீஷியஸ் அனீமியா என்ற உயிர்கொல்லி ரத்தசோகைக்கு அப்போது அதுதான் மருந்து.

அந்த நோயாளிகளின் வயிற்றில் அமிலமே சுரக்காது. அமிலம் சுரக்கும் அதே செல்கள்தான் பி12-ஐ உறிஞ்ச உதவும் புரதத்தையும் தருகின்றன. செல்கள் அழிந்தால் இரண்டும் போச்சு. இரும்புக்கும் அடி விழும். கீரை, பருப்பில் இருக்கும் இரும்பு அமிலத்தில் கரைந்தால்தான் குடலுக்குள் ஏறும். அதனால ஸ்ரீரங்கத்து சைவ நண்பர்களே, டாக்டர் சொல்லாம மாசக்கணக்கா அசிடிட்டி மாத்திரை போடாதீங்க. கீரையில கொஞ்சம் எலுமிச்சை பிழிஞ்சுக்கோங்க. அதிலுள்ள வைட்டமின் சி-யும் இரும்பு ஏற உதவும்.

1940-ல் லெடர்லி நிறுவனத்தில் சேர்ந்தார். 1945-ல் அவர் குழு ஃபோலிக் ஆசிடைத் தயாரித்தது. சகோதரர்களைக் கொண்டுபோன ஸ்ப்ரூவுக்கே அது மருந்தானது. பெர்னீஷியஸ் அனீமியாவிலும் ரத்தம் தேறியது. ஆனால் நரம்புச் சேதத்தை அதனால் தடுக்க முடியவில்லை. அதற்குத் தேவையான பி12-ஐ 1948-ல் வேறு குழுக்கள் பிரித்தெடுத்தன. அதே வருஷம் ஆகஸ்டில், 53 வயதில், சுப்பாராவ் காலமானார்.