பிளேக் நோயாளியை முதுகில் சுமந்த சாவித்ரிபாய்

ஜனவரி 3 வந்தால் சாவித்ரிபாய் பூலேயை ஆசிரியராக நினைவுகூர்கிறோம். 1848இல் புனே நகரின் பிடே வாடாவில் கணவர் ஜோதிராவுடன் சேர்ந்து பெண்களுக்குப் பள்ளி தொடங்கியவர், பாடம் நடத்தப் போகும் வழியில் கல்லும் சாணியும் வீசப்பட்டும் பின்வாங்காதவர் என்பது நம் மாணவர்களுக்குத் தெரியும். அவர் எப்படி இறந்தார் என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. பிளேக் நோயாளிகளைக் காப்பாற்றப் போய், அந்த நோய் தொற்றி இறந்தார்.

சதாரா மாவட்டத்தின் நாய்காவ் கிராமத்தில் 1831இல் பிறந்தவர் சாவித்ரிபாய். பூலே தம்பதியர் தலித் அல்லர். சூத்திரராக வைக்கப்பட்ட மாலி சாதியினர். பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கத் தடை இருந்த அந்தக் காலத்தில், 1868இல் தங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தீண்டாமைக்கு ஆளான மக்களுக்குத் திறந்துவிட்டனர். 1876-77 பெரும்பஞ்சத்தின்போது சத்தியசோதக் சமாஜத்தினரோடு சேர்ந்து பசித்தவர்களுக்கு உணவளித்தனர். 1890இல் ஜோதிராவ் மறைந்தபின் அந்த இயக்கத்தைச் சாவித்ரிபாய் தாங்கி நடத்தினார்.

1896இல் பம்பாயில் பரவிய பிளேக், சில மாதங்களில் புனேவுக்கும் வந்தது. கடும் காய்ச்சல், அக்குளிலும் தொடை இடுக்கிலும் நெறிகட்டு, ஓரிரு வாரத்துக்குள் மரணம். எலிகளின் மேலிருக்கும் தெள்ளுப்பூச்சிதான் இதைப் பரப்புகிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. குணப்படுத்தும் மருந்தும் கிடையாது. 1897 பிப்ரவரியில் ஆங்கில அரசு கொள்ளைநோய்ச் சட்டம் கொண்டுவந்தது. நோயாளிகளை வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுபோகும் அதிகாரம் அதிகாரிகளுக்குக் கிடைத்தது. மக்கள் அஞ்சினார்கள், பலர் ஊரை விட்டே ஓடினார்கள்.

மருந்து இல்லாத நோய்க்குப் பராமரிப்புதான் துணை. தண்ணீர் கொடுக்க வேண்டும், கஞ்சி ஊட்ட வேண்டும், உடலைத் துடைத்துவிட வேண்டும். இதற்கெல்லாம் நோயாளியைத் தொட்டாக வேண்டும். தொட்டாலே தீட்டு என்ற சமூகத்தில் சேரிக்காரர் விழுந்தால் தூக்குவது யார்? இந்தக் கேள்விக்குச் சாவித்ரிபாய் தன் உடலால் பதில் சொன்னார்.

அவருடைய வளர்ப்பு மகன் யஷ்வந்த், ராணுவத்தில் மருத்துவர். கைவிடப்பட்ட விதவைகளுக்காகப் பூலே தம்பதியர் நடத்திய இல்லத்தில் ஒரு பிராமண விதவைக்குப் பிறந்தவர். தாய் அழைத்ததும் விடுப்பில் வந்தார். புனேவுக்கு வெளியே ஹடப்சர் பக்கம் திறந்தவெளியில் இருவரும் மருத்துவமனை அமைத்தனர். மகன் வைத்தியம் பார்த்தார். அறுபத்தாறு வயதுத் தாய், வர முடியாத நோயாளிகளைத் தேடிப் போய் அழைத்து வந்தார்.

முண்ட்வா கிராமத்துக்கு வெளியே இருந்த மகர் சேரியில், கெய்க்வாட் குடும்பத்துச் சிறுவன் ஒருவனுக்கு நோய் கண்டிருப்பதாகச் செய்தி வந்தது. சாவித்ரிபாய் அங்கே விரைந்தார். சிறுவனைத் தன் முதுகில் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். இப்படி உழைத்துக்கொண்டிருந்தபோதே பிளேக் அவரையும் பிடித்தது. 1897 மார்ச் 10ஆம் தேதி உயிர் பிரிந்தது.

2014இல் புனே பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. கல்விக்கு அவர் செய்ததற்கு அது தகும். அவர் கடைசியாக நடத்திய பாடம் முண்ட்வா சேரியில்தான் இருக்கிறது. வெள்ளமோ புயலோ கொள்ளைநோயோ வரும்போது, ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டவர்களிடம் உதவி கடைசியில்தான் போகும் என்ற வழக்கத்தை அவர் ஏற்கவில்லை. நேராக அங்கே போனார்.

இதைப் படிக்கும் மாணவர்களில் நாளைய செவிலியர், மருத்துவர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர், கிராம நிர்வாக அலுவலர் இருப்பீர்கள். ஆபத்துக் காலத்தில் உங்கள் வண்டி முதலில் எந்தத் தெருவில் நிற்கப் போகிறது என்பதை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். சாவித்ரிபாய்க்கு நாம் செலுத்தும் மரியாதை அதுவே.