தோட்டத்தில் வளர்ந்த வெளியுறவு அமைச்சர்

சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம் நம் மலாயா ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். 1915இல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்தவரைக் கைக்குழந்தையாகவே இங்குக் கொண்டுவந்துவிட்டனர். தந்தை தோட்ட மேற்பார்வையாளர். தோட்டத்துப் பிள்ளைதான், ஆனால் லயத்துப் பிள்ளை அல்ல. அந்த வேறுபாடு நம்மவர்களுக்குத் தெரியும்.

சிரம்பான், கோலாலம்பூர், சிங்கப்பூர் எனப் படித்து, சட்டம் பயில லண்டன் சென்றார். போர் மூண்டதும் வீட்டுப் பணம் நின்றது. பட்டம் பெறாமலேயே, எழுதிப் பிழைத்தார். திரும்பி வந்தும் பத்திரிகை வேலைதான். 1954இல் லீ குவான் இயூ முதலியோருடன் மக்கள் செயல் கட்சியைத் தொடங்கினார். 1959இல் பண்பாட்டு அமைச்சரானார்.

மலாயாவும் சிங்கப்பூரும் ஒரே நாடாக இருக்க வேண்டும் என்று நம்பியவர் அவர். 1965 ஆகஸ்டில் பிரிவினை ஒப்பந்தம் முன்னே வைக்கப்பட்டபோது கையெழுத்திட மனம் வரவில்லை, கடைசியில்தான் இட்டார். ஆகஸ்ட் 9 முதல், வளர்ந்த மண்ணே அவருக்கு வெளிநாடு. அந்த நாட்டோடு உறவு பேசுவதும் அவர் பொறுப்பாயிற்று.

இரண்டே ஆண்டுகளில், 1967 ஆகஸ்ட் 8இல், பாங்காக்கில் மலேசியாவின் துன் அப்துல் ரசாக்கும் அவரும் ஆசியான் பிரகடனத்தில் ஒப்பமிட்டனர். 1980 வரை வெளியுறவுத் துறையைக் கவனித்த ராஜரத்தினம், 2006 பிப்ரவரி 22இல், 90ஆவது வயதில் சிங்கப்பூரில் காலமானார்.